பின் ஒழுங்கையில் நின்ற இங்கிலாந்துக் கார்

1

போன கிழமை இங்கே இரண்டு காரியங்கள் நடந்தன. என்னுடைய கார் வருடாந்தப் பரிசோதனையில் தோற்றுப்போனது. யாழ்ப்பாணத்திலிருந்து தங்கச்சியின் கடிதம் வந்தது. ஒன்றுக்கும் மற்றதற்கும் சம்பந்தம் இல்லை என்றுதான் சனிக்கிழமை காலை வரை நினைத்திருந்தேன்.

முதலில் காரைச் சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டில் பழைய கார் வைத்திருப்பவன் வருடத்துக்கு ஒருமுறை அதைக் கராஜ் ஒன்றுக்குக் கொண்டுபோய், ஓடத் தகுந்தது என்று ஒரு துண்டு வாங்க வேண்டும். துண்டு இல்லாவிட்டால் பதிவைப் புதுப்பிக்க மாட்டார்கள். எனக்குத் துண்டு தருகிறவர் ஒரு கிரேக்கர். ஒவ்வொரு வருடமும் தலையைச் சொறிந்துவிட்டு, கடைசியில் பாவம் பார்த்துக் கையெழுத்து வைப்பார். இந்தமுறை காருக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழும்பி வந்து என் தோளில் கை வைத்தார். செத்த வீட்டில்தான் அப்படிக் கை வைப்பார்கள்.

அங்கே ஊரில் இருக்கிற உங்களுக்குக் கார் இறக்குமதி எத்தனையோ வருடம் நின்றிருந்தது. பழைய இங்கிலாந்துக் கார்களைக் கம்பியால் கட்டியும் சிரட்டைக் கரி பூசியும் இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேள்வி. பாதை முழுக்கப் புதுக்கார் ஓடுகிற சிட்னியில் இருந்துகொண்டு நீ ஏன் அந்தத் தகர டப்பாவைக் கட்டிப்பிடித்தாய் என்று கேட்பீர்கள். என் மனைவி புவனமும் அதைத்தான் கேட்டாள். அவளுக்கு நான் ஒழுங்கான பதில் சொல்லவில்லை. உங்களுக்காவது சொல்லப் பார்க்கிறேன்.

2

கொழும்பில் நான் பதினான்கு வருடம் வேலை செய்தது இங்கிலாந்துக் கார் விற்கிற ஒரு கம்பனியின் உதிரிப்பாகப் பகுதியில். கவுண்டருக்கு வருகிறவர் "வோட்டர் பம்ப்" என்று வாயெடுக்க முன்னம் அதன் சாமான் நம்பரின் ஏழு இலக்கமும் என் வாயில் நிற்கும். புத்தகம் புரட்ட மாட்டேன். மற்றப் பிள்ளைகள் தேவாரம் பாடமாக்கிய வயதில் நானும் தேவாரம்தான் பாடமாக்கினேன், ஆனால் தேவாரம் மறந்துவிட்டது, இலக்கங்கள் மறக்கவில்லை.

அந்த இலக்கங்கள்தான் என்னை இங்கே கொண்டுவந்தன. எழுபத்து நாலில் பரமட்டா றோட்டில் ஒரு கார் விற்பனை நிலையம், அதே இங்கிலாந்துக் கார், அதே உதிரிப்பாகக் கவுண்டர். முதல் நாள் சோதித்துப் பார்க்கிறதற்காக ஐந்தாறு சாமான் கேட்டார்கள். இலக்கத்தைச் சொன்னேன். கவுண்டரில் இருந்த வெள்ளைக்காரர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

அவர்தான் றொன். கொவென்ட்ரியில் பிறந்தவர். ஐம்பத்தேழு வயது. மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை. இங்கே குடியேறுகிற இங்கிலீஷ்காரருக்கு அரசாங்கம் கொடுத்த பத்துப் பவுண் டிக்கெற்றில் கப்பலில் வந்து இருபது வருடம் ஆகியும் இன்னும் "வீட்டில" என்று சொன்னால் இங்கிலாந்தைத்தான் சொல்வார். மகாலிங்கம் என்ற என் பெயரை அன்றைக்கே "மல்" என்று வெட்டினார். அவர் ஆங்கிலத்தில் பேசியதை நான் எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன். எனக்கு அது அப்படித்தான் கேட்டது.

எங்கள் இடத்தில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. நாங்கள் விற்கிற காரை வைத்திருப்பவன் அதை முன் முற்றத்தில், பரமட்டா றோட்டைப் பார்த்து நிறுத்தலாம். வேறு கார் வைத்திருப்பவன் பின் ஒழுங்கைச் சந்தில், குப்பை வாளிகளுக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டும். இரண்டாம் மாதமே நான் ஒரு இங்கிலாந்துக் கார் வாங்கினேன். ஆறு வயதுக் கார், பச்சை நிறம், தோல் இருக்கை. அதை முன்னுக்கு நிறுத்திவிட்டு இறங்கியபோது றொன் வெளியே வந்து பொனற்றைத் தடவிப் பார்த்தார்.

"நல்லது, மல். நாங்கள் எங்கட ஆக்களைப் பாத்துக்கொள்ள வேணும்," என்றார்.

அந்த "எங்கட" என்ற சொல்லில் நான் விழுந்தேன். ஊரை விட்டு வந்த மூன்று மாதத்தில் ஒருவரும் என்னை எதற்குள்ளும் சேர்க்கவில்லை. குடிவரவுக் கந்தோரில் பிறந்த நாடு என்ற இடத்தில் சிலோன் என்று எழுதினால் கடவுச்சீட்டில் ஸ்ரீலங்கா என்று இருக்கிறது என்றார்கள். ஸ்ரீலங்கா என்று எழுதினால் பட்டியலில் அப்படி ஒரு நாடு இல்லை என்றார்கள். இந்தக் கதையை றொன்னுக்குச் சொன்னபோது, "நான் ஒரு ஃபோமும் நிரப்பேல்லை. நான் மைக்ரன்ற் இல்லைத்தானே, குடியேற வந்த ஆள் இல்லைத்தானே," என்றார். நான் அதைக் கேட்டுச் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று இப்போது தெரியவில்லை.

இங்கிலீஷ்காரர் கார் வாங்குகிற விதத்தைக் கவுண்டருக்குப் பின்னால் நின்று இரண்டு வருடம் பார்த்தேன். இந்த நாட்டிலேயே பிறந்தவர்கள் இங்கே செய்கிற பெரிய கார்களில் இரண்டு கட்சியாகப் பிரிந்து, கோயில் உபயகாரர் மாதிரிச் சண்டை பிடிப்பார்கள். இங்கிலீஷ்காரர் அப்படி இல்லை. அவர்கள் தங்கள் காரை நாள் முழுக்கத் திட்டுவார்கள். மழைக்கு நின்றுபோகிறது, எண்ணெய் ஒழுகுகிறது, கதவு பூட்டாது. ஆனால் வேறு ஆள் திட்டினால் முகம் சிவந்துவிடும். அடுத்த காரும் அதையேதான் வாங்குவார்கள். றொன் அதற்கு ஒரு காரணம் வைத்திருந்தார்.

"நான் இந்தக் காரை வாங்கினா, என்ர தெருவில ஒருத்தன்ர வீட்டில அடுப்பெரியும்."

எனக்குக் கொவென்ட்ரியில் தெருவும் இல்லை, அடுப்பும் இல்லை. என்றாலும் வாடிக்கையாளரிடம் அதையே நானும் சொல்லத் தொடங்கினேன். ஒருநாள் விற்பனைப் பகுதி இளைஞன் ஒருவன், "மல், நீ எங்கட கறுத்த இங்கிலீஷ்காரன்," என்றான். அதை நான் வீட்டில் வந்து புவனத்துக்குப் பெருமையாகச் சொன்னேன். அவள் பருப்புக் கடைந்துகொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி கடைந்தாள்.

3

ஞாயிற்றுக்கிழமைகளில் றொன் எங்கள் ஹோம்புஷ் பிளாட்டுக்கு வருவார். இரண்டு பேரும் கீழே கார் நிறுத்துகிற இடத்தில் என் காரின் பொனற்றைத் திறந்து வைத்துக்கொண்டு மத்தியானம் வரை நிற்போம். பிறகு மேலே வந்து புவனத்தின் கட்லட்டைச் சாப்பிட்டு, உறைப்புக்குக் கண்ணீர் விட்டு, தேத்தண்ணீர் குடிப்பார். என் மகள் சுகந்திக்கு அப்போது பன்னிரண்டு, பதின்மூன்று வயது. பள்ளிக்கூடத்தில் தன்னை "சூ" என்று கூப்பிடச் சொல்லியிருந்தாள் என்பது எங்களுக்கு ஒரு ஆசிரியரின் கடிதத்தில் இருந்துதான் தெரிந்தது. எங்களோடு தமிழில் பேசினால் பாதியில் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவாள். ஆனால் றொன் கதை சொன்னால் முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்து கேட்பாள்.

அவர் சொன்னது எப்போதும் ஒரே கதை. அவருடைய தம்பி ஸ்டான்லியின் கதை. சண்டைக் காலத்தில் சிங்கப்பூரில் பிடிபட்டு, சயாமில் றெயில் பாதை போட ஜப்பான்காரர் கொண்டுபோனவன். இருபத்து மூன்று வயது. ஆற்றங்கரையில் மூன்றாவது முகாம். கொலரா. சேர்ந்திருந்த நண்பன் ஒருவன் திரும்பி வந்து, அவனுடைய கரண்டியை அம்மாவிடம் கொடுத்தான். பிறகு அரசாங்கத்தின் கடிதம் வந்தது, கல்லறையின் இலக்கம் வந்தது. ஸ்டான்லிக்கு மாம்பழம் என்றால் என்னவென்றே தெரியாது, அங்கேதான் முதன்முதல் சாப்பிட்டானாம் என்று சொல்லிவிட்டு றொன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். சுகந்திக்கும் எனக்கும் கண் கலங்கும்.

"அவங்கள் செய்த காரில நான் ஏற மாட்டன், மல். அவங்கள் செய்த ஆணியைக்கூடக் கையால தொட மாட்டன்."

"நானும்தான், றொன்," என்றேன்.

இதை நான் அவருக்கு ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. உண்மையாகவே எனக்குக் கோபம் வந்தது. அதற்குப் பிறகு பாதையில் ஜப்பான் கார் போனால் பல்லைக் கடிப்பேன். ராசாவை மிஞ்சின ராசவிசுவாசம் என்று சொல்வார்களே, அதுதான். அந்த நாட்களில் புவனம் ஆஸ்பத்திரியில் உதவித் தாதியாக வேலை செய்துகொண்டிருந்தாள். விடியற்காலை வேலைக்குப் போக அவளுக்கு ஒரு சின்ன ஜப்பான் கார் வாங்கலாமா என்று ஒருமுறை கேட்டாள்.

"இஞ்சேருங்கோ, பக்கத்து பிளாட் அன்ரியின்ர கார் ஒரு நாளும் நிண்டதில்லை. எங்கட கார் குளிருக்கு இருமிக்கொண்டு நிக்குது."

"இந்த வீட்டுக்கு ஜப்பான் கார் வராது," என்றேன்.

"ஏனப்பா?"

"றொன்ர தம்பியைக் கொன்றவங்கள்."

அதற்குப் பிறகும் அவள் மழையிலும் குளிரிலும் ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

4

எழுபத்தாறில் மனேஜர் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார். இங்கிலாந்துக் கார் இனி ஓடாது. அடுத்த மாதத்திலிருந்து இந்த இடத்தில் ஜப்பான் கார் விற்கப் போகிறோம். உதிரிப்பாகப் பகுதிக்கு இரண்டு பேர் தேவையில்லை, ஒருவர் போதும். ஜப்பான் காரைப் பற்றி இரண்டு கிழமைப் பயிற்சி இருக்கிறது, போக விரும்புகிறவர் வெள்ளிக்கிழமைக்குள் பெயரைப் பதிய வேண்டும். இரண்டு பேரும் பதிந்தால் பயிற்சியில் கெட்டிக்காரனை வைத்திருப்பேன். இவ்வளவுதான் அவர் சொன்னது.

றொன் என் பக்கத்தில் நின்றார். "நான் போகமாட்டன்," என்று மெல்லச் சொன்னார். "நானும்," என்றேன். அவர் என் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்தினார்.

வியாழக்கிழமை மனேஜர் என்னைத் தனியே கூப்பிட்டார். "மல், உனக்கு ஞாபகசக்தி நல்லாயிருக்கு. மூண்டு மாசத்தில ஜப்பான் இலக்கம் எல்லாம் பாடமாக்கிப் போடுவாய். பேரைக் குடு," என்றார். இரண்டு முறை கேட்டார். நல்ல மனிதர். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, கொவென்ட்ரியில் அடுப்பெரிகிற கதையைச் சொன்னேன். அவர் என்னை வியப்பாகப் பார்த்தார்.

அன்று பின்னேரம் புவனம் குசினி வாசலில் நின்று கேட்டாள்.

"பேர் குடுத்தனீங்களோ?"

"குடுக்கத் தேவையில்லை. இரண்டு பேரையும் வைச்சிருக்கப் போகினமாம்."

கல்யாணம் முடித்து அவளுக்கு நான் சொன்ன பொய்கள் சில்லறைப் பொய்கள். பெரிய பொய் இது ஒன்றுதான். மண்குதிரையை நம்பி நான் மட்டும் ஆற்றில் இறங்கவில்லை, அவளையும் மகளையும் கூட்டிக்கொண்டு இறங்கினேன்.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குப் பட்டியல் சுவரில் ஒட்டியிருந்தது. அதில் ஒரு பெயர்தான் இருந்தது. றொன்னுடைய பெயர்.

சாமான் அறைக்குள் அவர் தன் மேலங்கியைப் போட்டுக்கொண்டு நின்றார். நான் வாசலை மறித்து நின்றேன். அவர்தான் பேசினார்.

"எனக்கு அறுபது வருகுது, மல். வேற ஆர் வேலை தருவினம்?"

"ஸ்டான்லி?" என்றேன்.

அவருடைய முகம் சிவந்தது. "அவன் என்ர தம்பி. என்ர கோபம். அதை வைச்சிருக்கிறதும் விடுறதும் என்ர பாடு. உனக்கு அதில என்ன?"

எனக்கு அதில் என்ன?

அந்த இடத்தில், கிறீஸ் மணக்கிற அந்த அறை வாசலில்தான், எனக்குச் சித்தப்பா ஞாபகம் வந்தார். என் அப்பாவின் தம்பி. மலாயாவில் ஒரு றப்பர்த் தோட்டத்தில் கிளாக்கர். சண்டைக்கு முன்னம் ஊருக்கு வந்து கல்யாணம் முடித்து, மூன்று மாதம் இருந்துவிட்டு, பிறகு கூப்பிடுகிறேன் என்று சொல்லிப் போனவர். தோட்டத்துச் சனங்களோடு அவரையும் ஜப்பான்காரர் சயாம் றெயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள் என்று, சண்டை முடிந்து வந்த யாரோ யாருக்கோ சொன்னதாகக் கேள்வி. அதே பாதை. ஒருவேளை அதே ஆறு. எனக்கு அப்போது எட்டு வயது. இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகளில் றொன்னின் கதையைக் கேட்டுக் கண் கலங்கிய எனக்கு என் சித்தப்பாவின் ஞாபகம் ஒருதரம்கூட வரவில்லை. இதைவிட இன்னொன்றும் இருக்கிறது. கொழும்பில் முதல் சம்பள உயர்வு வந்தபோது சித்தப்பாவின் மனைவிக்கு, எங்கள் சின்னம்மாவுக்கு, நான் வாங்கிக் கொடுத்தது ஒரு ஜப்பான் ரேடியோ. அவ அதைத் துணி தைத்துப் போர்த்தி வைத்திருந்தா. நானோ அவவோ அதைப் பற்றி ஒரு நிமிடம் யோசித்ததில்லை.

என் வீட்டுத் துக்கம் என் வீட்டிலேயே கிடக்க, நான் றொன்னின் கோபத்தை இரவல் வாங்கி உடுத்தியிருந்தேன். அவர் தன் சட்டையைக் கழற்றிவிட்டார். நான் இரவல் சட்டையோடு நின்றேன்.

சித்தப்பாவைப் பற்றி அவருக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இத்தனை வருடம் நினைக்காத மனிதரை ஒரு வாக்குவாதத்தில் வெல்லுவதற்காக இழுத்துவர வெட்கமாயிருந்தது. வழியை விட்டு விலகி நின்றேன். அவர் போனார்.

எனக்கு ஒரு மாத நோட்டீஸ். அந்த மாதத்தில் முன் முற்றச் சட்டம் மாறவில்லை, கார்தான் மாறியது. ஒரு திங்கட்கிழமை றொன் புத்தம்புதிய வெள்ளை ஜப்பான் காரை முன்னுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். என் பச்சைக் காரைப் பின் ஒழுங்கைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். கொண்டுபோய்க் குப்பை வாளிகளுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். கடைசி நாள் வரை அங்கேதான் நின்றது.

பிறகு ஏழு மாதம் வேலை இல்லை. என் இலக்கங்கள் யாருக்கும் தேவைப்படவில்லை. புவனம் ஆஸ்பத்திரியில் நாளுக்கு இரண்டு ஷிஃப்ற் வேலை செய்தாள். நான் சொன்ன பொய்யைப் பற்றி அவள் இன்று வரை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு மனம் ஆறியிருக்கும். இப்போது நான் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறேன்.

காரை மட்டும் விற்கவில்லை. விற்றால், எல்லாம் எதற்காக என்ற கேள்வி வந்துவிடும் என்று பயம். அந்தப் பயத்தில் மூன்று வருடம் அதற்குச் சாமான் தேடி அலைந்தேன்.

5

சுகந்திக்கு இப்போது பதினேழு. லைசென்ஸ் எடுத்துவிட்டாள். பள்ளி விடுமுறைகளில் கடையில் நின்று உழைத்ததோடு தாய் கொடுத்ததையும் சேர்த்து, என்னைக் கேளாமல் ஒரு பழைய ஜப்பான் கார் வாங்கினாள். சின்னது, மஞ்சள் நிறம். இரண்டு மாதமாக அது என் காருக்குப் பக்கத்தில் நிற்கிறது. நான் ஏறியதில்லை. புவனம் இப்போது மகளோடு காரில் வேலைக்குப் போகிறாள்.

செவ்வாய்க்கிழமை கிரேக்கர் என் தோளில் கை வைத்தார். வியாழக்கிழமை தங்கச்சியின் கடிதம் வந்தது. அவள் எழுதியதை அப்படியே தருகிறேன்.

"அண்ணா, சின்னம்மா போன மாசம் மோசம் போட்டா. வருத்தம் ஒண்டும் இல்லை, நித்திரையில போனது. கூறை உடுத்தி, பொட்டு வைச்சு, தாலியோடதான் கொண்டுபோனது. ஐயர் வந்து, என்ன மாதிரிச் செய்யிறது எண்டு கேட்டார். ஆர் என்னத்தைச் சொல்லுறது? சித்தப்பா இல்லை எண்டு எங்களுக்கு ஒருத்தரும் அறிவிக்கேல்லைத்தானே. அவவும் கடைசி வரைக்கும் பொட்டை அழிக்கேல்லை. நீங்கள் வாங்கிக் குடுத்த ரேடியோ தலைமாட்டில பாடிக்கொண்டுதான் இருந்தது."

சனிக்கிழமை காலை பதில் எழுதினேன். தபால் கந்தோர் மத்தியானத்துக்குள் பூட்டிவிடும். என் கார் ஓடக் கூடாது. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றபோது சுகந்தி கார்த் திறப்போடு வந்தாள்.

"கம் ஒன், அப்பா. நான் கொண்டுபோய் விடுறன்."

ஏறினேன். பரமட்டா றோட்டுச் சந்தியில் சிவப்பு விளக்குக்கு நின்றோம். அவள் என் கையிலிருந்த கடிதத்தையும் முகத்தையும் பார்த்தாள்.

"ஆர் செத்தது?"

"சின்னம்மா. என்ர சித்தப்பான்ர மனிசி."

"உங்களுக்குச் சித்தப்பா இருந்தவரோ?"

"இருந்தவர். சண்டை நேரம் ஜப்பான்காரர் பிடிச்சுக்கொண்டு போனவங்கள். சயாமில றெயில் பாதை போட."

அவள் சிரிக்காமல், பொறுமையாகத் திருத்தினாள். "அப்பா, தட்ஸ் ஸ்டான்லி. அது றொன் அங்கிளின்ர தம்பி."

"ஸ்டான்லியும்தான். சித்தப்பாவும்தான்."

அவள் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தாள். "எத்தினை வயசு?"

"தெரியாது. முப்பது இருக்கும்."

"எந்த முகாம்?"

"தெரியாது."

"என்ன வருத்தம்?"

"தெரியாது, அம்மா."

ஸ்டான்லிக்கு இருபத்து மூன்று வயது, மூன்றாவது முகாம், கொலரா. அவள் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை, இரண்டு பேருக்கும் அது பாடம். என் மகளுக்கு ஒரு இங்கிலீஷ்காரன் முதல் மாம்பழம் சாப்பிட்ட கதை தெரியும். அவளுடைய சொந்தப் பாட்டனின் தம்பி ஒருவர் பூமியில் இருந்தார் என்பது அந்தச் சிவப்பு விளக்கில்தான் தெரிந்தது. அது அவளுடைய பிழை இல்லை.

"சின்னம்மாக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டாள்.

"ஒருத்தரும் சொல்லேல்லை. அதாலதான் கடைசி வரைக்கும் பொட்டு வைச்சிருந்தவ."

"ஸ்டான்லின்ர அம்மாக்கு லெற்றர் வந்ததுதானே. இவவுக்கும் ஆரோ எழுதியிருக்க வேணுமே. ஆர் எழுதியிருக்க வேணும்?"

"அவருக்கு வேலை குடுத்தவை. தோட்டக் கம்பனி."

"ஜப்பான் கம்பனியோ?"

"இல்லை," என்றேன். "இங்கிலீஷ் கம்பனி."

விளக்குப் பச்சையாகியது. அவள் கால் வைத்தாள். கார் சத்தமில்லாமல், ஒரே முறையில் கிளம்பியது.